துலாம்பென் லிபர்ட்டி கப்பல்: மூன்று தடவை இறங்கினேன், முதல் தடவை ஒன்றுமே தெரியவில்லை

எனக்கு மூக்குக்கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே வருவது ஆளா மின்கம்பமா என்று தெரியாது. இடது கண் மைனஸ் 5.5, வலது கண் மைனஸ் 5. கப்பலைப் பற்றி எழுத உட்கார்ந்தவள் கண் பவரில் ஆரம்பிக்கிறாளே என்று நினைக்காதீர்கள், காரணம் இருக்கிறது. பாலித் தீவில் துலாம்பென் கடற்கரைக்குப் போய், அங்கே கடலுக்குள் மூழ்கிக் கிடக்கும் லிபர்ட்டி கப்பலைப் பார்த்துவிட்டு "ம்ம், சுமார்தான்" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களை இப்போது நான் நம்புவதில்லை. கப்பலில் குறை இருக்காது. அவர்கள் போன நேரம் சரியாக இருந்திருக்காது, இல்லை தண்ணீருக்குள் பார்க்கப் போடும் மாஸ்க் சரியாக இருந்திருக்காது. முதல் நாள் எனக்கு இரண்டுமே சரியில்லை. நானும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டுதான் கரையேறினேன்.

என் தம்பிக்குத் தண்ணீர்ப் பைத்தியம். முப்பது மீட்டர் வரை போகலாம் என்று சான்றிதழ் வாங்கி வைத்திருக்கிறான். எனக்கு வயசு 48, நீச்சல் தெரியும், அவ்வளவுதான். அதுவும் நாற்பதுக்கு மேல் கற்றுக்கொண்டது. அவன் சிலிண்டர் மாட்டிக்கொண்டு டைவ் போகும் இடங்களுக்கெல்லாம் கூடப் போய்ப் படகில் உட்கார்ந்து அவன் செருப்பைக் காவல் காத்த அனுபவம் எனக்கு நிறைய உண்டு. மூழ்கிய கப்பல் என்றாலே படகில் போக வேண்டும், கப்பல் எங்கேயோ இருபது முப்பது மீட்டர் ஆழத்தில் கிடக்கும். ஸ்நார்கெல் என்கிற மூச்சுக்குழாய் போட்டவளுக்கு மேலே மிதந்துகொண்டு கீழே இருந்து வரும் குமிழியை எண்ணுவதுதான் வேலை.

"அக்கா, இந்த ஒரு கப்பலை நீயும் பார்க்கலாம், நானும் பார்க்கலாம். படகே வேண்டாம், கரையிலேருந்து நடந்தே இறங்கலாம்" என்றான். அது உண்மைதான். கரையிலிருந்து சுமார் முப்பது மீட்டர் தள்ளி, கரைக்கு இணையாக, சரிவான கறுப்பு மணலில் சாய்ந்து படுத்திருக்கிறது கப்பல். நீளம் 120 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதன் உச்சி தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஐந்து மீட்டரிலேயே வந்துவிடுகிறது, அடிப்பக்கம் முப்பது மீட்டர் வரை இறங்குகிறது. மேலே மிதப்பவளுக்கும் கீழே போகிறவனுக்கும் ஒரே கப்பல்.

எங்கள் டிரைவர் வழியெல்லாம் "போரில் மூழ்கிய கப்பல்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாதிதான் சரி. 1918இல் அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் கியர்னியில் கட்டிய நீராவிச் சரக்குக் கப்பல் இது. 1942 ஜனவரியில் ரயில்வே உதிரிபாகங்களையும் ரப்பரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து பிலிப்பைன்ஸ் நோக்கிப் போனது. 11ஆம் தேதி லொம்போக் நீரிணைக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று டார்பீடோ அடித்தது. உடனே மூழ்கவில்லை. பால் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலும் வான் கென்ட் என்ற டச்சுப் போர்க்கப்பலும் சேர்ந்து, பாலியின் வடக்கே இருக்கும் சிங்கராஜா துறைமுகத்துக்கு அதை இழுத்துப்போகப் பார்த்தன. உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது, அவ்வளவு தூரம் தாங்காது என்று தெரிந்ததும் சரக்கையாவது மிச்சம் பிடிக்கலாம் என்று துலாம்பென் கரையில் தரைதட்ட விட்டார்கள்.

அங்கேயே கிடந்தது, 21 வருஷம். கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றினார்கள். 1963இல் அகுங் எரிமலை வெடித்தது. ஆயிரம் பேருக்கு மேல் பலிகொண்ட வெடிப்பு அது. அந்த நேரத்து நில அதிர்வில்தான் கப்பல் கரையிலிருந்து நழுவிக் கடலுக்குள் போனது. டார்பீடோ பாதியில் விட்ட வேலையை மலை முடித்து வைத்தது. கடற்கரையில் நின்று திரும்பிப் பார்த்தால் அந்த மலை தலைக்கு மேலேயே நிற்கிறது. காலையில் மேகம் மூடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கடலுக்குள் இருப்பதும் கரைக்குப் பின்னால் இருப்பதும் ஒரே கதையின் இரண்டு துண்டு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பெயர் விஷயத்தில் ஒன்று. இணையத்தில் தேடினால் "லிபர்ட்டி ஷிப்" என்று இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா ஆயிரக்கணக்கில் கட்டித் தள்ளிய சரக்குக் கப்பல்களைப் பற்றியும் வரும், 1967இல் இஸ்ரேல் தாக்கிய இன்னொரு லிபர்ட்டியைப் பற்றியும் வரும். இரண்டும் இது இல்லை. அந்த வகைக் கப்பல்கள் வருவதற்கு இருபது வருஷத்துக்கு மேல் முந்தியது இது, பெயர் மட்டும் ஒன்று. தம்பியே முதலில் குழம்பி எனக்குத் தப்பான கட்டுரையை அனுப்பியிருந்தான்.

இனி முதல் நாள் கூத்து. தெற்கு பாலியில் தங்கியிருந்தோம். ஹோட்டல் வாசலில் இருந்த சுற்றுலா ஆளிடம் "ஸ்நார்கெலிங் ஒரு நாள் பேக்கேஜ்" எடுத்தோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். காலை ஏழரைக்குக் கிளம்பினோம். துலாம்பென் மூன்று மணி நேர ஓட்டம், அதற்கு நடுவில் காபித் தோட்டம் என்று ஓர் இடத்தில் இறக்கினார்கள், போட்டோ எடுக்க ஒரு கோயில் வாசலில் இறக்கினார்கள். கடற்கரைக்குப் போய்ச் சேரும்போது பதினொன்றே கால். வெயில் மண்டையைப் பிளந்தது. வரிசையாக வேன்கள் நிற்கின்றன, எல்லாமே நம்மைப் போல மூன்று மணி நேரம் ஓடி வந்தவை.

அங்கே வெள்ளை மணலை எதிர்பார்க்காதீர்கள். கரை முழுக்கக் கறுப்புக் கூழாங்கல், தேங்காய் அளவு, பப்பாளி அளவு. பாதி உருளும், பாதி வழுக்கும். வெறுங்காலோடு நடந்தால் அடுப்பில் கால் வைத்த மாதிரி சுடும். ரப்பர் ஷூ கேட்டேன், "ஃபின் மட்டும்தான் தருவோம்" என்றார்கள், காலில் மாட்டும் துடுப்பு. பவர் மாஸ்க் இருக்கிறதா என்று கேட்டதற்கு அந்தப் பையன் சிரித்துக்கொண்டே சொன்னான், "தேவையே இல்லை, தண்ணிக்குள்ளே எல்லாம் பெரிசாத் தெரியும்."

அவன் சொன்னது அறிவியல்படி பொய் இல்லை. மாஸ்க் வழியாகப் பார்த்தால் தண்ணீருக்குள் இருப்பது மூன்றில் ஒரு பங்கு பெரிசாகவும் கொஞ்சம் கிட்டவும்தான் தெரியும். ஆனால் கிட்டப்பார்வைக்காரிக்கு மங்கலும் சேர்ந்து பெரிசாகும் என்பதை யாரும் சொல்வதில்லை.

இறங்கும்போது அலை முழங்காலில் அடித்தது. ஃபின்னை மாட்டிக்கொண்டு முன்பக்கமாக நடந்தேன், அதுதான் தப்பு. ஒரு கல் உருண்டது, நான் உட்கார்ந்தேன், அடுத்த அலை என்னை இன்னும் கொஞ்சம் உட்கார வைத்தது. முழங்காலில் தோல் போயிற்று. பக்கத்தில் ஒரு கொரியப் பெண்ணும் அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம், வேறு என்ன செய்வது.

தண்ணீருக்குள் நான் பார்த்தது இதுதான்: நீலம். நீலத்துக்கு நடுவில் ஒரு கறுப்புத் திட்டு. அதற்கு மேல் நாற்பது ஐம்பது ஜோடிக் கால்கள், மஞ்சள் ஃபின், பச்சை ஃபின், கேமரா கட்டிய குச்சிகள். மாஸ்க்கின் மூக்குப் பக்கம் ஒழுகியது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கித் தண்ணீரைக் கொட்ட வேண்டியிருந்தது. யாரோ என் காதில் உதைத்தார். நாற்பது நிமிஷத்தில் கரைக்கு வந்து, கொடுத்த நாசி கோரெங்கை, அந்த ஊர் வறுத்த சோற்றை, சாப்பிட்டுவிட்டு, "இதுக்கா மூணு மணி நேரம்?" என்றேன்.

தம்பி அன்றைக்கு டைவ் போகாமல் என்னோடு மிதந்திருந்தான். அவனுக்கே அவமானமாகிவிட்டது. திரும்பிப் போகும் வேனில் ஏறாமல், பையை இறக்கிவிட்டு, கடற்கரையிலிருந்து பொடிநடை தூரத்தில் ஒரு விடுதியில் அறை போட்டான். "ரெண்டு ராத்திரி இருப்போம். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வா. அப்பவும் பிடிக்கலேன்னா நான் உனக்குச் செருப்புக் காவல் காக்கிறேன்" என்றான்.

இந்த விமர்சனத்தில் நீங்கள் வேறு எதையும் ஞாபகம் வைக்காவிட்டாலும் பரவாயில்லை, துலாம்பெனிலேயே தங்குங்கள் என்பதை மட்டும் வையுங்கள். பக்கத்து அமெட்டில் தங்கினாலும் சரி. தெற்கிலிருந்து ஒரு நாளில் போய் வருவது காசுக்குப் பிடித்த கேடு.

அன்று சாயங்காலம் அங்கே இருந்த ஒரு சின்ன டைவ் கடைக்குப் போனோம். பவர் மாஸ்க் என்று வாயெடுத்ததும் அந்தப் பெண் ஒரு இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே வரிசையாக மாஸ்க்குகள், ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் ஸ்டிக்கர்: மைனஸ் 2, 2.5, 3, இப்படி அரை அரையாக ஏறிக்கொண்டு போயிற்று. மைனஸ் 5 இருந்தது. இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர்தான், இடது கண்ணுக்கு அரை குறையும். அது ஒரு பொருட்டே இல்லை. பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னாள். கையை எடுத்த பிறகும் மாஸ்க் முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. நின்றது. முதல் நாள் யாரும் இந்தப் பத்து விநாடிச் சோதனையைச் செய்யச் சொல்லவில்லை. ரப்பர் ஷூவும் கொடுத்தாள். முழங்காலைப் பார்த்து "துலாம்பென் முத்திரை" என்றாள். எல்லோருக்கும் சொல்லும் ஜோக்காக இருக்கும், ஆனாலும் சிரித்தேன்.

மறுநாள் காலை ஆறே கால். கரையில் ஆளே இல்லை என்று சொல்ல மாட்டேன், டைவ் போகிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் சிலிண்டர் தூக்கும் பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். இவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊர்ப் பெண்கள், என் வயசுக்கு மேலேயும் இருந்தார்கள். தலையில் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, அதன்மேல் டைவ் சிலிண்டரைப் படுக்கவைத்து, அந்த உருளும் கல்லில் ஒரு கையைக்கூட மேலே கொடுக்காமல் நடக்கிறார்கள். ஒரு அம்மா இரண்டு சிலிண்டரைச் சுமந்து போனார். காலில் சாதாரண ரப்பர் செருப்பு. நான் காலி கையோடு, ரப்பர் ஷூ போட்டுக்கொண்டு, அதே கல்லில் தள்ளாடிக்கொண்டு பின்னால் போனேன். கொஞ்ச தூரத்துக்கு வண்டியிலும் கொண்டுவருகிறார்கள். தண்ணீர் ஓரம் வரை தலைச்சுமைதான். இதற்குக் கூலி கடையின் கட்டணத்தில் சேர்ந்திருக்கிறது என்றார்கள். நாங்கள் தனியாகவும் கையில் கொஞ்சம் கொடுத்தோம்.

இந்தத் தடவை ஃபின்னைக் கையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீர் வரை போய், அலைக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நின்று, தம்பி தோளைப் பிடித்துக்கொண்டு ஃபின்னை மாட்டினேன். விழவில்லை. முகத்தைத் தண்ணீரில் வைத்தேன்.

முதலில் சாம்பல் நிறத்தில் சரிவு மட்டும்தான் தெரிந்தது. கல் முடிந்து மணல். மணலில் புல் மாதிரி ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. நிழல் பட்டதும் அத்தனை புல்லும் ஒரே நேரத்தில் மண்ணுக்குள் போய்விட்டது. ஒவ்வொன்றும் ஒரு விலாங்கு, வாலை மணலில் புதைத்துத் தலையை நீட்டிக்கொண்டு நிற்பவை. இரண்டு நிமிஷம் அசையாமல் மிதந்தால் ஒவ்வொன்றாகத் திரும்ப முளைக்கும். நான் கப்பலை மறந்து அங்கேயே நின்றுவிட்டேன். தம்பி கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

அப்புறம் அது வந்தது. கப்பல் என்று சொன்னால் மனசில் வருகிற உருவம் எதுவும் அங்கே இல்லை. கொடிமரம், மேல்தளம், வட்ட ஜன்னல் எதையும் தேடாதீர்கள், ஏமாந்துபோவீர்கள். உடைந்து, சரிந்து, விலா எலும்புகளாக நிற்கும் இரும்பு. அந்த எலும்புகளின் மேல் பவளம் ஏறியிருக்கிறது, பந்தலில் புடலைக்கொடி ஏறுகிற மாதிரி. பந்தல் எங்கே முடிகிறது கொடி எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரிக்க முடியாது. சுற்றிலும் வெறும் எரிமலை மணல், வேர் பிடிக்க ஒரு பிடிமானம் கிடையாது. அங்கே 120 மீட்டருக்கு இரும்பைக் கொண்டுவந்து போட்டால் கடலில் மிதந்து வரும் எல்லா உயிரும் அதில்தானே வந்து ஒட்டும். விசிறி விசிறியாகக் கடல்விசிறி, ஆள் உட்காரும் அளவுக்குக் குடம் போல ஒரு கடற்பஞ்சு, அதன் வாயில் ஒரு சின்ன நண்டு. நண்டை நான் பார்த்தேன், ஐந்து மீட்டர் மேலிருந்து. மைனஸ் 5 மாஸ்க்குக்கு நன்றி.

நம் மீன் சந்தைப் பெயர்களே அங்கே பாதிக்கு ஒத்துவருகின்றன. கப்பலின் பக்கவாட்டில் பாரை மீன் கூட்டம் ஒன்று, நூற்றுக்கணக்கில், ஒரே திசையில் முகம் வைத்து மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. வெயில் பட்டபோது மொத்தக் கூட்டமும் எவர்சில்வர் பாத்திரக்கடை மாதிரி மின்னியது. ஒரு இரும்புத் தகட்டுக்குக் கீழே களவா ஒன்று வாயைத் திறந்துகொண்டு நின்றது, சின்ன மீன்கள் அதன் செவுளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தன. பல் மருத்துவரிடம் போன பெரியவர் மாதிரி பொறுமையாக இருந்தது.

இன்னொன்றை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. கீழே டைவ் போகிறவர்கள் விடும் மூச்சு குமிழியாக மேலே வருகிறதே, அது மேலே வரவர விரிகிறது. கீழே கோலிக்குண்டு, மேலே வரும்போது வெள்ளித் தட்டு, குடை மாதிரி வளைந்து ஆடிக்கொண்டே வரும். கப்பல் தகட்டுக்குக் கீழே சிக்கிய காற்று ஓட்டை வழியாகக் கசிந்து, ஊதுபத்திப் புகை போல நூலாக மேலே வந்தது. நான் அதற்கு நேர் மேலே மிதந்தேன். வயிற்றில் பட்டுக் கூச்சம் காட்டியது. 48 வயசில், நடுக்கடலில் இல்லாவிட்டாலும் கடலில், தனியாகச் சிரித்து ஸ்நார்கெலுக்குள் தண்ணீர் போய் இருமினேன்.

ஒன்பது மணிக்குமேல் வேன்கள் வர ஆரம்பித்தன. பத்தரைக்கு நான் கரையில் டீ குடித்துக்கொண்டே பார்த்தேன், நேற்றைய என்னைப் போல ஒருவர் ஃபின் மாட்டிக்கொண்டு முன்பக்கமாக நடந்து போய் உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் டைவே போனேன். அறிமுக டைவ் என்று ஒன்று இருக்கிறது, சான்றிதழ் இல்லாதவர்களையும் பயிற்றுநர் கூடவே இருந்து அழைத்துப்போவார், 12 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது. ஒரு உடல்நலப் படிவம் நிரப்பச் சொன்னார்கள். ஆஸ்துமா, இதயம், காது அறுவை, ரத்த அழுத்த மாத்திரை என்று வரிசையாகக் கேள்வி. ஒன்றுக்கு "ஆம்" போட்டால்கூட மருத்துவர் கடிதம் கேட்கிறார்கள். இதில் பொய் சொல்லாதீர்கள், ஊரிலேயே கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். காலையில் இடுப்பளவு தண்ணீரில் முக்கால் மணி நேரம் பழக்கினார்கள். ரெகுலேட்டர் என்கிற வாய்க்கருவி வழியாக மூச்சு, மாஸ்க்குக்குள் தண்ணீர் போனால் மூக்கால் ஊதி வெளியேற்றுவது, மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் காது அடைப்பை எடுப்பது. காதுதான் கஷ்டம். வலி வந்த பிறகு ஊதினால் திறக்காது, வருவதற்கு முன்பே ஊத வேண்டும், ஒவ்வொரு மீட்டருக்கும். நான் இரண்டு இடத்தில் கொஞ்சம் மேலே ஏறித் திரும்ப இறங்கினேன். பயிற்றுநர் என்னை "இபு" என்றுதான் கூப்பிட்டார், அங்கே அம்மா மாதிரி மரியாதைச் சொல். அவசரப்படுத்தவே இல்லை. தண்ணீருக்குள் அவர் ஒரு கையால் என் சிலிண்டர் வால்வைப் பிடித்துக்கொண்டு, பூனைக்குட்டியைத் தூக்கிப்போகிற மாதிரி என்னைக் கொண்டுபோனார்.

மேலிருந்து பார்த்தபோது எலும்பாகத் தெரிந்தது, பக்கத்தில் போனதும் சுவராகிவிட்டது. பதினொரு மீட்டரில் என் முகத்துக்கு நேரே ஒரு இரும்புத் தகடு, அதில் வரிசையாகப் புடைப்புகள், தோசைக்கல்லில் எழும்பிய கொப்புளம் மாதிரி. ரிவெட் ஆணிகள். 1918இல் கப்பல் கட்டியவர்கள் தகடுகளை வெல்டிங் செய்யவில்லை, ஒவ்வொரு ஆணியாகப் பழுக்கக் காய்ச்சி அடித்துச் சேர்த்தார்கள். யாரோ ஒருவர் நியூ ஜெர்சியில் நின்று அடித்த ஆணி. அதன் தலையில் இப்போது ஆரஞ்சு நிறத்தில் ஏதோ உயிர் உட்கார்ந்திருந்தது.

ஆரஞ்சு என்பதுகூட டார்ச் அடித்த பிறகுதான் தெரிந்தது. கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒரு கல்யாணத்துக்காக மருதாணி வைத்திருந்தேன், நன்றாகச் சிவந்திருந்தது. அந்த ஆழத்தில் கையைப் பார்த்தால் விரல் நுனியெல்லாம் தார் தொட்ட மாதிரி கறுப்பு. ஒரு கணம் பயந்தே போனேன். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான் என்று தம்பி சொல்லியிருந்தது அப்புறம் ஞாபகம் வந்தது. பயிற்றுநர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு டார்ச்சை என் கைமேல் அடித்தார். மருதாணி திரும்பி வந்தது. அவர் டார்ச்சை அப்படியே கப்பல் பக்கம் திருப்பினார். சாம்பலாக இருந்த இரும்பு முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாக எழுந்து நின்றது. டைவ் போகிறவர்கள் டார்ச் எடுத்துப்போங்கள், பகலிலும்.

கிளிமீன்களையும் அன்றுதான் பார்த்தேன். சாதாரணக் கிளிமீன் இல்லை, நெற்றி புடைத்த பெரிய வகை, ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். ராத்திரி கப்பலுக்குள் தூங்கிவிட்டு விடிந்ததும் கூட்டமாக மேயக் கிளம்புகின்றன. எருமைக்கூட்டம் கொட்டிலிலிருந்து போகிற அதே நடை, அதே அலட்சியம். பவளத்தைக் கடிக்கும் சத்தம் தண்ணீருக்குள் "நறுக் நறுக்" என்று கேட்டது. விடியற்காலை டைவ் போனால் இவை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அதற்காகவே சிலர் வெளிச்சம் வருவதற்கு முன்பே இறங்கக் காத்திருக்கிறார்கள்.

கப்பலுக்குள் என்னைக் கொண்டுபோகவில்லை, கேட்கவும் இல்லை. தம்பி உடைந்த பகுதிகள் வழியாக உள்ளே புகுந்து மறுபக்கம் வந்தான், 26 மீட்டர் வரை போனான். விலாங்கு மாதிரி நீண்ட அஞ்சாலை மீன் ஒன்று தன்னை முறைத்தது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

குறை சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை அங்கே இருக்கும் நெரிசல் தாங்காது. தண்ணீருக்குள்ளேயே வரிசையில் நிற்பது போலிருக்கும். இன்னும் மோசம், பவளத்தின் மேல் ஃபின்னால் உதைக்கிறவர்களையும் இரும்பைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுக்கிறவர்களையும் கண்ணாலேயே பார்த்தேன். வழிகாட்டிகள் சிலர் தட்டிக் கேட்கிறார்கள், சிலர் பார்க்காதது போல இருக்கிறார்கள். தொடக்கூடாது என்பது கப்பலுக்காக மட்டும் இல்லை, துருப்பிடித்த தகடு கிழித்தால் ஊசி போட வேண்டியிருக்கும், விஷ முள் உள்ள கல்மீனும் சிங்கமீனும் அங்கே தாராளம். மழைக்காலத்தில், டிசம்பர் முதல் மார்ச் வரை, அலை கூடுதலாக இருந்தால் அந்தக் கல்லில் இறங்குவதே பெரும்பாடு என்றார்கள். நாங்கள் போனது செப்டம்பர். தண்ணீர் தெளிவு, ஆனால் ஜிலுஜிலு. மூன்று மில்லிமீட்டர் தடிமன் வெட்சூட்டில் (குளிருக்குப் போடும் ரப்பர் உடை) முப்பது நிமிஷத்துக்குமேல் பல் தந்தியடித்தது. ஐந்து மில்லி கேளுங்கள்.

செலவு: அறிமுக டைவுக்கு எனக்கு ஆனது பத்து லட்சம் ரூபியா. லட்சம் என்றதும் நெஞ்சைப் பிடிக்காதீர்கள், அங்கே ஒரு லட்சம் என்பது நம் காசுக்கு ஐந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். ஸ்நார்கெல் செட் வாடகை அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கடற்கரைக்கு நுழைவுக் கட்டணம் தனி. ரொக்கமாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் தேய்மானம் உள்ள பெரியவர்களை அழைத்துப்போவதாக இருந்தால் யோசியுங்கள். தண்ணீருக்குள் எந்தக் கஷ்டமும் இல்லை, அந்த இருபதடி கல்தான் கஷ்டம். நீச்சல் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட் போட்டு வழிகாட்டியின் வளையத்தைப் பிடித்துக்கொண்டு போகலாம், நிறையப் பேர் போகிறார்கள், ஆனால் கீழே ஐந்து மீட்டருக்குமேல் ஆழம் என்பதைச் சொல்லித்தான் கூட்டிப்போக வேண்டும். டைவ் போட்டவர்கள் அன்றைக்கே விமானம் ஏறக்கூடாது, உயரத்தில் காற்றழுத்தம் குறைவது உடம்புக்கு ஆபத்து. ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டைவ் முடித்த கையோடு கிந்தாமணி மலைப்பக்கம் எரிமலை பார்க்கப் போவதும் அதே தப்புதான், அந்த இடம் 1,000 மீட்டருக்கு மேல் உயரம். எங்கள் டிரைவர் திரும்பும்போது அந்த வழியாகப் போகலாம் என்று ஆசையாகக் கேட்டார். தம்பி கடற்கரைச் சாலையிலேயே விடச் சொன்னான்.

ஊருக்கு வந்ததும் சொந்தமாக ஒரு பவர் மாஸ்க் செய்யக் கொடுத்தேன். இடது 5.5, வலது 5. கடைக்காரர் "எங்க மேடம், நீச்சல் குளத்துக்கா?" என்றார்.